பென்சிலுக்கு முன்னால் கை

அன்புள்ள பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் குழந்தை இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இது ஹோம்வொர்க் இல்லை.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். இப்போது அவளுக்கு எல்.கே.ஜி. போகிற பையன். "டீச்சர், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பின்னால் குழந்தை தேம்பித் தேம்பி அழுகிற சத்தம். என்னம்மா என்றேன். "நாலு பக்கம் எழுதணும் டீச்சர். ஒரு பக்கம் அ, ஒரு பக்கம் ஆ, ஒரு பக்கம் பெரிய ஏ, ஒரு பக்கம் ஒண்ணுலேந்து பத்து. ஒண்ணரை மணி நேரமா உக்காந்திருக்கோம். அ-வே வர மாட்டேங்குது. அடிச்சிட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பையனுக்கு வயது மூன்றே முக்கால்.

நான் அ-வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சட்டைப் பட்டன் அவனே போடுவானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்ல டீச்சர், காலைல வேன் வந்துரும், நாங்களே போட்டு விட்டுருவோம்." சோறு? "ஊட்டித்தான் விடுவோம், இல்லன்னா லேட் ஆயிரும்." மாவு பிசைந்து விளையாடுவானா? "சட்டையெல்லாம் அழுக்காகும்னு குடுக்கறதில்ல." போன்? "அதெல்லாம் நல்லா தள்ளுவான் டீச்சர்."

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு அ தெரியும். அட்டையில் காட்டினால் சொல்லிவிடுவான். அவன் விரலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. நோட்டை மூடிவிட்டுக் குழந்தையைத் தூங்கவை, மீதியை நான் விவரமாக எழுதுகிறேன் என்றேன். அதுதான் இது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். 35 வருஷம் அதைத்தான் செய்தேன். எழுத்துப் பயிற்சியால் குழந்தையின் கை பழக வேண்டும். இன்று நடப்பது தலைகீழ். பழகாத கையை வைத்து நோட்டை நிரப்புகிறோம். பக்கம் நிரம்புகிறது, கை பழகுவதில்லை. கூடவே பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி என்கிற பழக்கமும் வந்துவிடுகிறது.

அ ஏன் வரவில்லை?

நீங்களே ஒரு தடவை மெதுவாக அ எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு குறுக்குக் கோடு, கடைசியில் ஒரு நெட்டுக்கோடு. நாலும் ஒரே எழுத்தில். நடுவில் கை எத்தனை தடவை திசை மாறுகிறது என்று கவனியுங்கள். பெரிய ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாய்கோடுகள் உச்சியில் சேர வேண்டும். குழந்தைக்குச் சாய்கோடுதான் எல்லாக் கோட்டிலும் கடைசியாக வரும்.

குழந்தைகள் உருவங்களைப் பார்த்து வரைவதற்கு ஒரு வரிசை உண்டு. குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஏறக்குறைய மூன்று வயதில் வட்டம் வரும். நாலு வயதில் கூட்டல் குறி. நாலரை, ஐந்தில் சதுரம். ஐந்தைத் தாண்டி முக்கோணம். டைமண்ட் வடிவம் வர ஆறு, ஏழு ஆகிவிடும். நாலைந்து மாதம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. கூட்டல் குறியே இன்னும் வராத குழந்தையிடம் அ-வும் ஏ-வும் ஒவ்வொரு பக்கம் கேட்டால் அவன் எங்கே போவான்?

கையையும் கொஞ்சம் பாருங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை பெரும்பாலும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டாவது எலும்பு வருவதற்குள் பிள்ளை நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடும். எல்.கே.ஜி. பிள்ளையின் கை நம் கையின் சின்ன அளவு இல்லை. இன்னும் கட்டி முடியாத வீடு அது.

பிடிப்பும் அப்படித்தான். முதலில் கிரேயானை உலக்கை பிடிப்பது மாதிரி முஷ்டியில் பிடிக்கும். பிறகு விரல்கள் எல்லாம் கீழே நோக்கி இருக்கும், தோளிலிருந்து கை அசையும். அப்புறம் மூன்று விரல் பிடிப்பு வரும், ஆனால் மணிக்கட்டு மொத்தமாக நகரும். கடைசியில்தான் விரல்கள் மட்டும் அசைந்து எழுதும். அது நாலு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் நிதானமாக வருகிற விஷயம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று மேலிருந்து கீழே இறங்கி வருகிறது பழக்கம். தோள் உறுதிப்படாமல் விரல் நேராகப் போகாது.

எனக்கு இது தெரியாமல் இருந்த காலம்

இதையெல்லாம் பெரிய புத்திசாலி மாதிரி எழுதுகிறேன். எனக்கு எப்படிப் புத்தி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. படிக்கும்போது அவருக்குத் தெரியும்.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம். தாமிரபரணிக் கரையோரத்துக் கிராமம். ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இடது கையால் குச்சி பிடிப்பான். அந்தக் காலத்தில் அது தப்பு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குச்சியைப் பிடுங்கி வலது கையில் கொடுப்பேன். நான் திரும்பினதும் மாற்றிக்கொள்வான். ஒரு நாள் ஸ்கேலால் இடது கை மொட்டியில் அடித்தேன். மறுநாளும் அடித்தேன். பிறகு அவன் இடது கையால் எழுதவில்லை. வலது கையாலும் எழுதவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். வயிறு வலிக்கிறது என்பான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டுகிற கடையில் கொண்டு கொடுக்கப் போனேன். உட்கார்ந்து தலைமுடி மாதிரி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த ஆள் எழுந்து நின்றார். அவன்தான். இல்லை, அவர்தான். இடது கையால் சுற்றுகிறார். ஒரு சுற்றின் மேல் ஒரு சுற்று ஏறாமல், விலகாமல், பார்க்கவே கண் நிறைந்தது. அந்தக் கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், இந்தக் கையத்தான் அடிச்சீங்க" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. பில் எழுத மகளைக் கூப்பிட்டார். "எழுத்து வேலை எல்லாம் பிள்ளைதான் டீச்சர், பாங்குக்குப் போனாலும் அவதான் எழுதுவா" என்றார்.

எப்பேர்ப்பட்ட கை அது! அந்தக் கைக்கு எழுத்தைக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. கையில் குறை இல்லை. குறை என்னிடம் இருந்தது. இடது கைப் பழக்கம் ஒரு கோளாறு இல்லை, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரப் பெரியவர்களுக்கும் சொல்கிறேன். சாப்பிட, கொடுக்க, வாங்க வலது கை என்று நீங்கள் நினைத்தால் அதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். எழுதுகிற கையை மட்டும் விட்டுவிடுங்கள். சில குழந்தைகள் நாலைந்து வயது வரை இரண்டு கையையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தும். அதுவாக ஒரு கையில் நிலைக்கட்டும்.

மணலை எப்போது மறந்தோம்?

என் அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதல் ஆறு மாதம் அவருக்கு நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. தரையில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் எழுத வேண்டும். வாத்தியார் சொல்லச் சொல்ல வாய் சொல்லும், விரல் எழுதும். பிழையானால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மறுபடியும். அழித்த இடம் தெரியாது. இன்று ரப்பர் போட்டு ஓட்டையான நோட்டைப் பார்த்தால் குழந்தைக்குத் தன் பிழைதான் கண்ணில் படும். மணலுக்கு அந்தக் குணம் இல்லை.

இதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டு போனார்கள் என்பது உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையும் கூடச் சேர்ந்தது. ஊருக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் செய்த முக்கியமான சாமான்களில் ஒன்று உப்புத்தாள் எழுத்து. சொரசொரப்பான எழுத்தைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கும், ஒலியைச் சொல்லும். பென்சில் பிறகுதான். அவர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து, யுத்தம் முடிகிறவரை இந்தியாவில்தான் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ரோமாபுரியிலிருந்து வந்த அம்மையாரும் எங்கள் ஊர்த் திண்ணை வாத்தியாரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் விரல், பிறகு பென்சில்.

நாமும் முழுதாக மறக்கவில்லை. விஜயதசமி அன்று குழந்தையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, விரலைப் பிடித்து அ எழுத வைக்கிறோம். போட்டோ எடுக்கிறோம். மறுநாளே நெல்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நாலு கோடு நோட்டைக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாம்பாளம் இன்னும் ஒரு வருஷம் கூடத்திலேயே இருந்திருக்கலாம்.

வாய்க்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை

இது என் அனுபவத்தில் நான் கண்டது. அ, ஆ, இ, ஈ என்பது வாய்க்கு உரிய வரிசை. பாட்டாகச் சொல்லட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் கைக்கு வேறு வரிசை இருக்கிறது. தமிழின் முதல் எழுத்தும் சரி, ஆங்கிலத்தின் முதல் எழுத்தும் சரி, கைக்கு முதல் எழுத்து இல்லை.

நான் பிற்பாடு ஒன்றாம் வகுப்பில் கையாண்ட வரிசை இது. முதலில் ட. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. தீர்ந்தது. அடுத்தது ப. அந்த ட-வையே மேலே ஏற்றிவிட்டால் ப. பிறகு ப-வை நீட்டிச் சுழித்தால் ம. இந்த மூன்றும் புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று குழந்தை வார்த்தையே எழுதிவிடும். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு ய, வ, ல. பிறகு க, ச, த. சுழியும் வளைவும் கைக்கு வந்த பிறகு அ, ஆ, இ. அப்போது அ ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஆங்கிலத்திலும் அப்படியே. நெட்டுக்கோடும் குறுக்குக்கோடும் மட்டும் உள்ள எல், டி, எச், ஈ, எஃப் முதலில். பிறகு வளைவுள்ள ஓ, சி, டீ-க்குப் பக்கத்து வீட்டு யூ, ஜே. சாய்கோடு உள்ள ஏ, கே, எம், எக்ஸ் எல்லாம் கடைசியில்.

புள்ளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாள் கிழியாமல், தேவையான இடத்தில், தேவையான அளவு அழுத்தி ஒரு புள்ளி வைப்பது சின்னக் கைக்குப் பெரிய வித்தை. நம் வீட்டுப் பெண்கள் கோலத்துக்குப் புள்ளி வைத்தே விரலைப் பழக்கியவர்கள். பையன்களையும் வாசலுக்குக் கூப்பிடுங்கள். கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து விடுகிற பிடிப்பும் பென்சில் பிடிப்பும் அக்கா தங்கை.

வீட்டில் என்ன செய்யலாம்?

காசு செலவழித்து ஒன்றும் வாங்க வேண்டாம். எல்லாம் அடுக்களையில் இருக்கிறது.

1. முருங்கைக்கீரை உருவச் சொல்லுங்கள். கறிவேப்பிலை உருவுவது, பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது எல்லாமே விரல் நுனிக்கு வேலை. கீரை கொஞ்சம் வீணாகும். போகட்டும்.

2. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். பாம்பு மாதிரி திரிக்கட்டும். அந்தப் பாம்பை வளைத்து ட, ப, ம செய்யட்டும். எழுத்தைக் கையால் பிடித்துப் பார்த்த குழந்தை அதை மறக்காது.

3. தாம்பாளத்தில் ரவையோ கோலப்பொடியோ மெல்லிசாகப் பரப்புங்கள். ஆற்று மணல் இப்போது கிடைக்காது, கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். அடியில் ஒரு கலர்த்தாள் போட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும். தட்டு நிறைய ஒரே எழுத்து. பெரிதாக எழுதட்டும்.

4. சுவரில் எழுதவிடுங்கள். வாடகை வீடு என்றால் மொட்டை மாடிச் சுவரில் தண்ணீரும் பிரஷும் போதும், காய்ந்தால் போய்விடும். நிமிர்ந்த சுவரில் எழுதும்போது தோள் வேலை செய்யும், மணிக்கட்டு சரியான பக்கம் மடங்கும். குனிந்து எழுதுகிற நோட்டில் அது வராது.

5. சுளகில் புளியமுத்தைப் பரப்பி, எழுத்தின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். வாயில் மூக்கில் போட்டுக்கொள்கிற வயது என்றால் கூடவே உட்காருங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

6. துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டுவது, நாரில் பெரிய மணி கோர்ப்பது, பழைய பேப்பரை இரண்டு கையாலும் கிழிப்பது, மழுங்கின கத்தரிக்கோலால் வெட்டுவது. இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும், அதுதான் பயிற்சி. எழுதும்போதும் ஒரு கை எழுதும், ஒரு கை தாளைப் பிடிக்கும்.

7. கிரேயானை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது. விரல்கள் தாமாகவே மூன்று விரல் பிடிப்புக்கு வந்துவிடும். பிடிப்பைச் சொல்லித் திருத்துவதைவிட இது நல்லது.

8. உட்காருகிற இடத்தைப் பாருங்கள். நாற்காலியில் கால் தொங்கினால் கை நிலைக்காது. காலடியில் ஒரு முக்காலியோ மனையோ போடுங்கள். இடது கைப் பிள்ளை என்றால் நோட்டின் மேல்முனையை வலப்பக்கமாகச் சற்றே சாய்த்து வையுங்கள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், கால் மணி போதும். சட்டைப் பட்டன், செருப்பு வார், தண்ணீர் பாட்டில் மூடி, தட்டில் சோறு, இவற்றை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுப்புங்கள். வேன் காத்திருக்காது, தெரியும்.

இன்னொன்று. நோட்டைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். புள்ளிக்கோட்டின் மேல் எழுதுகிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. ஒரு குழந்தை கீழிருந்து மேலே, துண்டு துண்டாகக் கோட்டை ஒட்டவைத்து ப-வை முடித்துவிடும். பக்கம் அழகாக இருக்கும். கை தப்பாகப் பழகியிருக்கும். எங்கே தொடங்கினான், எந்தப் பக்கம் போனான் என்பதுதான் முக்கியம். கோணலாக இருந்தாலும் சரியான இடத்தில் தொடங்கிய எழுத்து நல்ல எழுத்து.

கேட்கப்போகும் கேள்விகள்

"இனிமேல் எல்லாம் போன், கம்ப்யூட்டர். எழுத்து எதற்கு?" என்று என் தம்பி மகன் கேட்பான். எழுதுவது எழுதுவதற்கு மட்டும் இல்லையடா. படிப்பதற்கும் அதுதான் வழி. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்கிற பேராசிரியர் 2012இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைப் பார்த்துக் கையால் எழுத வைத்தார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுத வைத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்ய வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தானாகக் கையால் எழுதிய எழுத்தைப் பார்க்கும்போதுதான், படிக்கிறவர்களுக்கு வேலை செய்கிற மூளைப் பகுதிகள் வேலை செய்தன. சின்ன ஆய்வுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் நான் கண்ணால் பார்த்ததும் அதுவே. கோணல்மாணலாகத் தானே எழுதிய பிள்ளைதான் எழுத்தைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரைக்கும் எழுதுதே?" எழுதட்டும். சில குழந்தைக்கு எட்டு மாதத்தில் பல் வரும், சிலருக்கு ஒரு வயதாகும். பத்து வயதில் யாருக்கு முதலில் பல் வந்தது என்று யாராவது கேட்கிறார்களா?

"பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களே டீச்சர்?" இதுதான் கஷ்டமான கேள்வி. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. இரண்டாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்.கே.ஜி.க்கு எப்படி வந்தது? ஆனால் சட்டம் பேசிக்கொண்டு போய் நிற்காதீர்கள். மிஸ்ஸிடம் தன்மையாகப் பேசுங்கள். "ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி நல்லா எழுத வைக்கிறேன் மிஸ்" என்று சொல்லுங்கள். நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது வேறு பாடம்.

மிஸ்ஸாக இருக்கிற என் மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள், மாதச் சம்பளம் சொல்லவே வேண்டாம். சாயந்திரம் அம்மாமார்கள் வந்து "இன்னைக்கு என்ன எழுதினான்?" என்றுதான் கேட்பார்கள். ரவைத்தட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது, நோட்டைத்தான் கொடுத்தனுப்ப முடியும். அதனால்தான் நோட்டு நிரம்புகிறது. ஆகவே பெற்றோர்களே, இன்று முதல் "என்ன எழுதினான்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "என்ன செய்தான்?" என்று கேளுங்கள். பாதி ஹோம்வொர்க் அங்கேயே குறைந்துவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எல்லாம் தானாக வரும் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஐந்தரை, ஆறு வயதாகியும் பென்சிலை முஷ்டியில்தான் பிடிக்கிறான், பெரிய பட்டனும் போட வரவில்லை, கூட்டல் குறி வரவில்லை, ஐந்து நிமிஷத்தில் கை வலிக்கிறது என்கிறான், அல்லது முன்பு வந்தது இப்போது வரவில்லை என்றால், சோம்பேறி என்று திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணையும் பரிசோதியுங்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க மாவட்ட அளவில் அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக

போன் பண்ணின பெண் நேற்று மறுபடியும் கூப்பிட்டாள். அ இன்னும் வரவில்லை. மிஸ்ஸிடம் பேச இன்னும் தைரியம் வரவில்லையாம், நாளைக்குப் பேசுகிறேன் என்றாள். ரவைத்தட்டில் ட வந்துவிட்டது. நேற்றுக் காலையில் சட்டைப் பட்டன் அவனே போட்டுக்கொண்டானாம். ஒரு ஓட்டை மாறிப்போய், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதாம். "சரி பண்ணி விடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். "வேண்டாம், அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்றேன்.

என்னிடம் படித்தவர்களில் வேறு யாருடைய கையையாவது நான் இப்படி அடித்திருந்தால், கீழே எழுதுங்கள், அல்லது போன் பண்ணுங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று எனக்காக நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளையை மட்டும் அந்த இடத்தில் அடிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர் (சிலருக்கு அத்தை, இரண்டு பேருக்கு ஆச்சி)